ஓசூரில் இறங்குவதா, அத்திப்பள்ளியைத் தாண்டுவதா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் காலனிகளில் ஒரே பேச்சுதான். யார் பெங்களூரு போகிறார்கள், யார் ஓசூரோடு நின்றுகொள்கிறார்கள் என்பதே அந்தப் பேச்சு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேலை என்றால் வடக்குத் திசைதான். முதுகுப்பையோடு பேருந்தில் ஏறுகிற பிள்ளைகளில் பலருக்கு எங்கே இறங்கப்போகிறோம் என்பது ஓசூர் வரும்வரை உறுதியாவதில்லை. மேஸ்திரியோ ஏஜெண்டோ செல்போனில் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இந்தக் கோடையில் நாங்கள் போன ஊர்களில் எல்லாம் இதைக் கேட்டார்கள். "பெங்களூருல மாசம் ஆறாயிரம் கூடக் கிடைக்குமாம் தோழர், போயிடலாமா?" என்று பிள்ளை கேட்பான். பக்கத்தில் நிற்கிற அம்மா வேறொன்று கேட்பார்: "ஏரியா எப்படி இருக்கும்?"

அம்மாவின் கேள்விதான் பெரியது. அதே கேள்வியை மற்றவர்கள் கேட்டால், திருட்டு பயம் உண்டா, குடிகாரர் தொல்லை உண்டா, இரவில் தெருவிளக்கு எரியுமா என்று பொருள். நாம் கேட்டால் இவற்றோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. வீடு கொடுப்பார்களா? கொடுத்த பிறகு நாம் யாரென்று தெரிந்தால் இருக்க விடுவார்களா? சம்பளக் கணக்கைச் சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள் யாரும் இந்த இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை.

அண்ணல் அம்பேத்கருக்கே இது நடந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவருக்கு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலை தயாராக இருந்தது. வேலை உறுதி, சம்பளம் உறுதி, தங்குவதற்குத்தான் இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள் என்று ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் காலையில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. மாலைக்குள் காலி செய்யவேண்டியதாயிற்று. ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் அடைக்கலம் கேட்டார், இருவரும் நழுவிவிட்டார்கள். பூங்கா ஒன்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று கிராமத்தை அவர் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். பரோடா என்கிற நகரம் அவரைப் பூங்காவில் உட்காரவைத்ததையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அதற்கும் முன்பே நம் முன்னோர் இந்தத் திசையில் நடந்திருக்கிறார்கள். 1880களில் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் வளரத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் செத்தார்கள். பிழைத்தவர்களின் நுரையீரலில் கல்தூசி நிறைந்தது. இவ்வளவு தெரிந்தும் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே பண்ணையார் இல்லை, கூலி கையில் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலில் கிளை இருந்தது. அவருடைய 'தமிழன்' இதழை அங்கே கூடிப் படித்தார்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலும் மானத்துக்கு ஆபத்து குறைவு என்பதே அவர்கள் போட்ட கணக்கு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டதை இதைப் படிக்கிற பிளஸ் டூ மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம், பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள். அந்த வீடுகளில் பல பெங்களூருவிலும் திருப்பூரிலும் வேலை செய்த கூலியில் எழுந்தவை. டி.வி., பீரோ, மோட்டார் பைக், மகளுக்கென்று சேர்த்த நகை எல்லாம் நகரத்துச் சம்பளம். ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணமாகக் காட்டிக் கொளுத்தினார்கள். காரை வீட்டில் நாம் குடியேறியதே அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது என்பதை எரிந்த பொருள்களைப் பார்த்தாலே புரியும். நகரத்தில் சம்பாதித்து ஊரில் கொண்டுவந்து கொட்டுவது பாதுகாப்பான சேமிப்பு என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். அன்று சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன.

எனவே போகவேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. எங்கே போய், யாரோடு, எந்தத் தெருவில் இருப்பது என்பதுதான் பேச்சு.

முதலில் வீடு. வடக்கே பெயரோடு ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். நம் பெயரில் அது இல்லை என்பதால் வீட்டுக்காரர்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, காலனியா? குலசாமி எது? கறி சாப்பிடுவீங்களா, என்ன கறி? கடைசிக் கேள்வியில் நின்றுவிடுகிறவர்கள் அதிகம். ஓசூரில் இந்தக் கேள்விகள் கூர்மையாக வரும், ஏனென்றால் கேட்கிறவருக்கு நம் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் தெருவும் தெரியும். பெங்களூருவில் 'தருமபுரி பக்கம்' என்றால் அதற்குமேல் தோண்டப் பலருக்குத் தெரியாது. இந்தத் தெரியாமைக்காகவே எல்லை தாண்டுகிறவர்கள் உண்டு. சுவரில் மாட்டினால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணலின் படத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிற தம்பிகளை எங்களுக்குத் தெரியும். அவர்களைக் கோழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. மாதம் பிறந்தால் வாடகைக்கு விடுகிறவன் முகத்தில் விழிக்கவேண்டியவர்கள் அவர்கள்.

இது நம் மனக்குறை மட்டும் இல்லை. சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லிப் பகுதியில் ஆய்வு செய்தபோது, ஒரே விளம்பரத்துக்கு வெவ்வேறு பெயர்களில் வீடு கேட்டுப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மூடியது. பெங்களூரு, சென்னை உள்ளிட்ட 7 பெரிய மாநகரங்களை 2001 மக்கள்தொகைக் கணக்கின் வார்டு விவரங்களை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, பணக்காரர் ஏழை என்று பிரிந்து வாழ்வதைவிடச் சாதியாகப் பிரிந்து வாழ்வதுதான் அங்கே அதிகம் என்று கண்டது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவு: தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்த வட்டாரத்திலும் வீடு வாங்கவோ கட்டவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பது குற்றம். குறைந்தது 1 மாதம், அதிகம் 6 மாதம் சிறை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றங்களில் சேர்த்தது. ஆனால் 'வீடு போயிடுச்சுப்பா' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரை எந்தப் பிரிவில் பிடிப்பது? சாதியைச் சொல்லி மறுத்தால், பிறகு தெரிந்து காலி செய்யச் சொன்னால், யார் எப்போது என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள். வன்கொடுமை புகாருக்கான தேசிய உதவி எண் 14566, இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும்.

அடுத்து, பெங்களூருவில் எந்தப் பக்கம்? நம் சொந்தபந்தம் பழைய கண்டோன்மென்ட் பக்கம்தான் அதிகம். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, லிங்கராஜபுரம், இந்தப் பக்கம் ஸ்ரீராமபுரம். தமிழிலேயே காலம் தள்ளலாம். உடம்பு சரியில்லை என்றால் ஓடிவர ஆள் உண்டு. ஆனால் புதிய வேலைகள் அங்கே இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி, பீன்யா, ஒயிட்ஃபீல்டு என்று ஊரின் ஓரத்துக்கு அவை போய்விட்டன. 2025 ஆகஸ்ட்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்த பிறகு ஓசூர் ரோட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் உள்ளூரிலிருந்தும் போய்வரலாம். நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்ற சாலை அது.

தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதியில் இருப்பது பாதுகாப்பா என்றால், பாதிதான். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த மறுநாள், 1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடியும் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. தமிழன் என்று அடிக்கிறவன் சாதி பார்ப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். காவலாளி நிற்கும் அடுக்குமாடியில் இருந்த தமிழர் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி.யில் செய்தி பார்த்தார். தகரக் கதவு போட்ட குடிசையில் இருந்தவர் எந்தச் சாதி என்று விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு பயமும் உண்டு, அது கலவரத்தைவிடச் சாதாரணமாக வரும். கோரமங்கலத்தை ஒட்டிய ஈஜிபுராவில், ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிய குடியிருப்பு இருந்த இடம் 2013 ஜனவரியில் புல்டோசரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தலித்துகளும் தமிழர்களும் அவர்களில் பெரும்பகுதி. அந்த நிலத்தில் ஒரு பகுதி வணிக வளாகத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களின் வேலை, நடந்துபோகும் தூரத்தில் இருந்த பணக்கார வீடுகளில் இருந்தது. வீடு போனதோடு வேலையும் போயிற்று. அதனால்தான் வாடகை குறைவு என்று ஓர் இடத்தைக் காட்டினால், அந்த மனை யார் பேரில் இருக்கிறது, மின் இணைப்பு யார் பேரில் வருகிறது என்று விசாரியுங்கள் என்கிறோம். பெங்களூருவில் 'லீசு' என்கிற போக்கிய முறை வேறு பழக்கத்தில் இருக்கிறது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை வேண்டாம் என்பார்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், ஜப்தி வரும் நாளில் உங்கள் லட்சத்துக்குப் பொறுப்பேற்க யாரும் இருக்கமாட்டார்கள். வில்லங்கம் பார்க்காமல் ஊரில் அரை சென்ட் வாங்குவோமா?

ஒரு தெரு பெண்களுக்குப் பாதுகாப்பானதா என்று அறிய எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பகலில் வீடு பார்க்காதீர்கள். இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து இறக்கிவிடும் நேரத்தில், இரவு 11 மணிக்கு, அந்தத் தெருமுனையில் போய் நில்லுங்கள். பஸ் எங்கே நிற்கிறது, அங்கிருந்து வீடு வரை எத்தனை விளக்கு எரிகிறது, பெண்கள் கூட்டமாகப் போகிறார்களா தனித்தனியாக ஓடுகிறார்களா, எந்தக் கடை திறந்திருக்கிறது, அது என்ன கடை என்று பாருங்கள். தண்ணீர் வரும் நேரத்தையும் கேளுங்கள். விடிகாலை 3 மணிக்குக் குழாயடிக்குப் போகவேண்டிய தெரு என்றால் அதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதான்.

இனி ஓசூர். வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர். சிப்காட் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று நம் அப்பாக்கள் காலத்தில் வாசலில் நின்று பார்த்த கம்பெனிகளோடு, இப்போது கைபேசிப் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும் செய்கிற ஆலைகள் மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. பிளஸ் டூ முடித்த பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் கம்பெனியே தரும் என்பதால் வீடு தேடும் அவமானம் இல்லை. சாதி கேட்காமல் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்கிற இடம், நம் பெண்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அதுதான். நாங்கள் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விடுதிக்குள்ளும் கண் வேண்டும். 2025 நவம்பரில் ஓசூர் வட்டாரத்தில் ஒரு பெண் தொழிலாளர் விடுதியில் குளியலறைக்குள் ரகசியக் கேமரா இருந்தது தெரிந்து, பெண்கள் பெரும் எண்ணிக்கையில் திரண்டு போராடினார்கள். அந்தப் போராட்டம் நடந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. விடுதியில் சேரும்போது புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் விடுதியிலா கம்பெனியிலா, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். இரவில் ஆபத்து என்றால் 181, அல்லது 112.

ஓசூரின் குறை அது நமக்கு மிக அருகில் இருப்பது. திங்கட்கிழமை ஊரில் பேசினால் செவ்வாய்க்கிழமை ஓசூரில் தெரியும். 2018 நவம்பரில், சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு ஓசூரில் குடியிருந்த ஓர் இளம் இணையரைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்று காவிரியில் வீசினார்கள். கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் பக்கம் உடல்கள் கிடைத்தன. பையன் நம் பிள்ளை. சொந்தக் கிராமத்திலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிற ஊர், வேலைக்கு வசதி; ஒளிந்து வாழ வசதியில்லை. அப்படி மணம் செய்துகொண்ட பிள்ளைகள் ஓசூரில் நிற்கவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறோம். சம்பளம் குறைந்தாலும் தூரமாகப் போங்கள். போகுமுன் காவல்துறையில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் பெங்களூரு பக்கம்தான் தராசு சாய்கிறது என்று தோன்றும். பெரும்பாலோர் விசாரிக்காமல் விட்டுவிடுகிற ஒன்று மீதி இருக்கிறது. ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் உங்கள் சாதிச் சான்றிதழின் பலம் மாறிவிடுகிறது.

பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. குடியரசுத் தலைவரின் முதல் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக இருந்ததோ, அந்த மாநிலத்தின் பட்டியலில்தான் நாம் இருப்போம். ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறதே என்பார்கள். பெயர் இருந்தால் போதாது. பிழைக்கப் போனவருக்கு, போன மாநிலத்தில் அந்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இலும் மீண்டும் 2018இலும் சொல்லிவிட்டது. அங்கே பிறக்கிற உங்கள் பிள்ளைக்கும் அப்பாவின் மாநிலம்தான் கணக்கு. அப்படியானால் கர்நாடக அரசு வேலையிலும், அந்த அரசின் கல்லூரி இடங்களிலும், அது தருகிற வீட்டுமனையிலும் நாம் பொதுப்பிரிவு. தங்கவயலுக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் 1950க்கு முன்பே போய்விட்ட குடும்பங்களுக்குத்தான் அங்கே சான்றிதழ் வாங்க வழி. ரயில்வே, வங்கி, மத்திய அரசு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். எங்கே இருந்து விண்ணப்பித்தாலும் அது குறையாது. உயர்கல்விக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தரவேண்டும், அதற்கு இங்கே விண்ணப்பிக்கவேண்டும்.

பிள்ளைகளோடு குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் இன்னும் ஒரு கணக்குப் போடவேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கிற 7.5 சதவீத இடம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் அதே 6ஆம் வகுப்புதான் வாசல். டி.என்.பி.எஸ்.சி. வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் வேண்டுமென்றால் 1ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும். எட்டாவது படிக்கிற மகளை டி.சி. வாங்கிக்கொண்டு எல்லைக்கு அப்பால் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிற அப்பா, மாதம் ஆறாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று நினைக்கிறார். அவர் விட்டுவிட்டுப் போவது ஒரு மருத்துவ இடமாகவும் இருக்கலாம். சின்னக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகத்திலும் 2023 முதல் இல்லை, ஆனால் அது கர்நாடக முகவரி அடையாள அட்டை காட்டுகிறவர்களுக்கு. அந்த முகவரிக்கு மாற்றினால் இங்கே ரேஷன் அட்டை, மகளிர் உரிமைத்தொகை என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் மாற்றவேண்டும்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம். கட்டட வேலைக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள் என்பதைத் தவிர அந்தத் தொழிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீலத் தார்ப்பாய்க் கொட்டகையில் வாழ்ந்தவர்கள் எல்லாக் காலனியிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். ஆலை வேலைக்குப் போகிறவர்கள் கையில் வருகிற தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. உண்டா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். முதலாளி மூன்றேகால் ரூபாய் போடுகிறார். அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கே மருத்துவம். ஓசூரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, பெங்களூருவில் ராஜாஜிநகர், பீன்யா, இந்திராநகரிலும் இருக்கிறது. பி.எஃப். பணத்தின் மதிப்பைத் தெரிந்துகொள்ள 2016 ஏப்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கட்டுகிற பங்கை 58 வயதுவரை எடுக்கமுடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது பெங்களூருவின் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள். தலைவர் கிடையாது, கொடி கிடையாது. இரண்டே நாளில் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. பி.எஃப். இல்லாத கம்பெனி தருகிற அதிகப்படி ஆயிரம் ரூபாய்க்கும் அந்தப் பெண்கள் காத்த பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை வேலையில் சேருகிற அன்றே புரிந்துகொள்வது நல்லது.

எங்கள் யோசனை இதுதான். தனியாள் என்றால், அதுவும் படிப்பு முடிந்துவிட்டது என்றால், பெங்களூரு போகலாம். முதல் ஆறு மாதம் உறவுக்காரர் இருக்கிற தெருவில் இருந்துவிட்டு, ஊர் பிடிபட்ட பிறகு வேலைக்கு அருகில் கலந்து வாழ்கிற பகுதிக்கு மாறிக்கொள்ளலாம். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள், அது வாடகை பேசவும் உதவும், கெட்ட நாளில் தெருவைக் கடக்கவும் உதவும். பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்ட குடும்பம் என்றால் இந்தப் பக்கமே நில்லுங்கள். கணவரோ மனைவியோ எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரட்டும். ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்குத் தினமும் போய்வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஓசூரில் வீடு கிடைக்காமல் அலைந்தால் எங்களிடம் சொல்லுங்கள். சங்கத்தில் இருக்கிற நம் ஆட்களின் வீடுகளிலேயே மாடிகள் காலியாக இருக்கின்றன. அதை வெளியாருக்கு விட்டுவிட்டு நம் பிள்ளைகளை அலையவிடுகிறோமே என்று அவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எந்த ஊருக்குப் போனாலும் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், டி.சி. மூன்றின் மூலத்தையும் ஏஜெண்ட் கையில் கொடுக்காதீர்கள். 'சரிபார்க்க வேண்டும், நாளைக்குத் தருகிறோம்' என்று வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விடும்போது தர மறுக்கிற இடங்கள் இருக்கின்றன. நகல் கொடுங்கள். மூலத்தை நேரில் காட்டி, கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.